கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

எங்கள் துறையில் பயிற்சிக்குப் போகும் இடங்களுக்கு எழுதப்படாத ஒரு தரவரிசை உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கிடைத்தவர்கள் கொஞ்ச நாள் தலைநிமிர்ந்து நடப்பார்கள். இரசாயனத் தொழிற்சாலை, துறைமுகம், கட்டுமானத் தளம் என்று அந்த வரிசை கீழிறங்கும். தொழில்சார் பாதுகாப்பு படிக்கிற ஒரு மாணவி அருங்காட்சியகத்துக்குப் போகிறாள் என்றால் வகுப்பில் சிரிப்புதான். "பானை தலையில் விழுந்துவிடப் போகிறது, ஹெல்மெட் எடுத்துக்கொண்டு போ" என்று வழியனுப்பி வைத்தார்கள். எனக்கும் உள்ளூர ஏமாற்றம்தான். அந்தப் பட்டியலில் நானாக விரும்பிக் கேட்ட இடம் அதுவல்ல.

அருங்காட்சியகத்தில் சுழலும் இயந்திரம் இல்லை. கொதிகலன் இல்லை. காதைப் பிளக்கும் சத்தமும் இல்லை. ஆனால் முதல் பருவத்திலேயே நாங்கள் மனப்பாடம் செய்கிற கட்டுப்பாட்டுப் படிநிலை அங்கே தடுமாறிப் போகிறது. ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வை, அதுவும் முடியாவிட்டால் மனிதருக்கும் அதற்கும் நடுவே தடுப்பு போடு, பிறகு வேலைமுறையை மாற்று, இவை எதுவும் கைகொடுக்காதபோது கையுறையையும் முகமூடியையும் நம்பு. தொழிற்சாலையில் ஒரு கரைப்பான் நச்சு என்று தெரிந்தால் அடுத்த கொள்முதலில் வேறொன்றை வாங்கலாம். அருங்காட்சியகத்திலோ நஞ்சு சேகரிப்புக்குள்ளேயே இருக்கிறது. நூறாண்டுப் பழமையான ஒரு கழுகைத் தூக்கிப் போட்டுவிட்டு நஞ்சில்லாத கழுகு ஒன்றை வாங்கி வைக்க முடியாது. எந்தப் பொருளுக்காக அந்தக் கட்டடம் நிற்கிறதோ, பல நேரங்களில் அந்தப் பொருள்தான் ஆபத்து.

விலங்கியல் கூடத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகள் வரிசையாக நிற்கும். அவை இத்தனை காலம் பூச்சி அரிக்காமல் நிற்பதற்கு ழான்-பப்தீஸ்த் பெக்கூர் என்ற பிரெஞ்சு மருந்தாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அவர் கண்டுபிடித்தது ஆர்சனிக் சோப்பு. வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் சேர்மம், சூடம், சுண்ணாம்பு, பொட்டாசியம் கார்பனேட், சோப்பு ஆகியவற்றைக் குழைத்துத் தோலின் உட்புறத்தில் பூசிவிட்டால் எந்தப் பூச்சியும் அண்டாது. செய்முறையைக் கடைசிவரை தன்னிடமே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அது அச்சேறியது. பிறகு உலகமெங்கும் பரவி, 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. பழைய விலங்குத் தொகுப்பு எங்கே இருந்தாலும், வேறுவிதமாகத் தெரியவரும்வரை அதில் ஆர்சனிக் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இது நான் அங்கே கற்ற முதல் விதி.

அந்தக் கூடத்தில் ஒரு நீர்நாய் இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பக்கத்தில் பார்த்தபோது வயிற்றுத் தையலின் ஓரத்திலும், கண்ணின் விளிம்பிலும், பாதம் மரப்பலகையைத் தொடும் இடத்திலும் வெண்மையான பொடி தெரிந்தது. ஈரச்சுவரில் உப்பு பூத்ததுபோல. பாஷாணம் பூசிய இடத்திலேயே காலமெல்லாம் அடங்கிக் கிடப்பதில்லை. உள்ளிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. ஆனால் வெண்பொடியெல்லாம் ஆர்சனிக் என்றும் சொல்லிவிட முடியாது. கண்ணால் பார்த்து முடிவு செய்கிற விஷயமல்ல இது.

அதற்குத்தான் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. துப்பாக்கிபோல் இருக்கும். பொருளின் மேல் முனையை வைத்து விசையை அழுத்தினால், உள்ளே என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்பது திரையில் மலைமுகடுகளாக எழும். ஆர்சனிக்கின் முதன்மை முகடு 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவின் அருகே வரும். சிக்கல் என்னவென்றால், ஈயத்தின் ஒரு முகடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் வந்து உட்காரும். பழைய விலங்கின் வாய்க்கும் மூக்குக்கும் அடிப்பலகைக்கும் ஈயம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். ஆகவே அந்த ஒரு முகட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆர்சனிக் என்று எழுதக் கூடாது; 11.7 அருகே ஆர்சனிக்கின் இரண்டாவது முகடும், 12.6 அருகே ஈயத்தின் இரண்டாவது முகடும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீர்நாயின் வயிற்றில் ஆர்சனிக் மட்டும். மூக்கில் ஈயம். பலகையில் இரண்டும். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போன நண்பர்கள் மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

கருவி சொல்வது 'இருக்கிறது' என்பதை மட்டுமே. தொட்டால் கையில் ஒட்டுகிறதா, துடைத்தால் பறக்கிறதா என்பது வேறு கேள்வி. மனிதருக்கு முக்கியம் அந்த இரண்டாவது கேள்விதான். அதற்கு ஈரத் துடைப்பானால் குறிப்பிட்ட பரப்பைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்கை மட்டும் துடைத்தால் போதாது. அது நிற்கும் பெட்டியின் தரை, பக்கத்து மேசை, கதவின் கைப்பிடி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். கைப்பிடியில் ஆர்சனிக் வந்தால் அது யாருடைய கையில் வந்தது, அந்தக் கை பிறகு எங்கெல்லாம் போனது என்ற விசாரணை தொடங்கும்.

கையுறை பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கையுறை அணிந்தார்கள். தும்பை வெள்ளையில் பருத்திக் கையுறை. அது பொருளைக் காப்பதற்கு ஏற்பட்டது. கைவியர்வையும் எண்ணெயும் உரோமத்திலும் உலோகத்திலும் படியாமல் இருக்க. மெல்லிய தூள் அந்த நெசவுக்குள் தாராளமாகப் புகும். துவைக்கும்வரை அங்கேயே தங்கும். அணிந்தவர் மூக்கைச் சொறிந்தால் மூக்குக்கும் போகும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை இரண்டு பக்கமும் காக்கும். விலையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. "பிறகு ஏன் பருத்தி?" என்று கேட்டதற்குப் பராமரிப்புக் கூடத்து மூத்த வல்லுநர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இங்கே கையுறை யாருக்காக என்று யாரும் கேட்டதே இல்லையம்மா." அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடமாகப் பொருளின் பக்கமிருந்து மட்டுமே யோசிக்கும்படி பழக்கப்பட்டவர் அவர்.

அந்த ஒரு வாக்கியம் பயிற்சி முழுவதும் என்னோடு வந்தது. எதைப் பார்த்தாலும் 'இது யாருக்காக' என்று கேட்கத் தொடங்கினேன். வெப்பநிலை? பொருளுக்காக. ஈரப்பதம்? பொருளுக்காக. கிடங்கின் மூடிய சன்னல்? அதுவும்.

மற்ற நஞ்சுகளைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. உலர்தாவரத் தொகுப்பில் பூச்சி வராமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு பூசிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தாள்களிலிருந்து பாதரச ஆவி கசிந்து மூடிய அலமாரிக்குள் தேங்கும். அலமாரியைத் திறந்ததும் தலையை உள்ளே நீட்டக் கூடாது, காற்றோட்டம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பழைய கடிகாரங்களிலும் விமானக் கருவிகளிலும் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். இன்று அவை ஒளிர்வதில்லை என்பதால் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டுப்போனது ஒளிரும் துத்தநாகச் சல்பைடு மட்டும்தான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். அது தன் பாட்டுக்குக் கதிர்வீசிக்கொண்டு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கால வாயு முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மாட்டிப் பார்க்க ஆசைப்படும் பொருளும் அதுதான்.

தீ விஷயத்தில்தான் எனக்கும், சேகரிப்புக்குப் பொறுப்பான காப்பாட்சியர்களுக்கும் முட்டிக்கொண்டது. உயிரினங்களை ஜாடிகளில் போட்டு வைக்கும் கிடங்கு ஒன்று உண்டு. பாம்பு, மீன், தவளை எல்லாம் 70 விழுக்காடு எத்தனாலில் மிதக்கும். அந்தக் கலவையின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. ஜாடி மூடியின் ரப்பர் வளையம் நாள்பட இறுகி வெடித்துப்போகும். உள்ளே ஸ்பிரிட்டின், அதாவது அந்த எத்தனால் கலவையின், மட்டம் குறையும். குறைந்தால் மேலும் ஊற்றுவார்கள். குறைந்தது எங்கே போனது என்று கேட்டால், காற்றில்தான். காப்பாட்சியருக்கு மட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் உயிரினம் கெட்டுவிடுமே என்ற கவலை; எனக்கு அதே அறையின் சுவரில் இருந்த, தீப்பொறி பறக்கக்கூடிய சாதாரண மின்விசைப்பலகையைப் பற்றிய கவலை.

தானியங்கி நீர்த்தெளிப்பான் வேண்டும் என்று எழுதியபோது கிளம்பிய எதிர்ப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு மூலையில் புகை வந்தால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் கொட்டும், சுவடிகள் நாசமாகும்" என்பது அவர்கள் வாதம். திரைப்படங்களில் அப்படித்தான் கொட்டுகிறது. உண்மையில் ஒவ்வொரு தெளிப்பான் தலையிலும் திரவம் நிரம்பிய ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்பு நிறக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும். எந்தக் குமிழைச் சூடு எட்டுகிறதோ அந்தத் தலை மட்டுமே திறக்கும். வழக்கமான அமைப்பில் புகையால் அது திறக்காது. பக்கத்து அறைத் தலையும் சும்மா இருக்கும். என் மேற்பார்வை அலுவலர், முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர், ஒரு பழைய குமிழைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் உருட்டிவிட்டார். "நனைந்த சுவடியை உலர்த்தி எடுக்க ஆள் இருக்கிறார்கள் சார். எரிந்ததற்கு யாரும் இல்லை" என்றார். வாதம் அதோடு முடியவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு யாரும் திரைப்படத்தை மேற்கோள் காட்டவில்லை.

2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அந்த ஆண்டுதான் அதற்கு 200 வயது. சுமார் 2 கோடி பொருள்கள் கொண்ட சேகரிப்பின் பெரும்பகுதி போயிற்று. தீயணைப்பு வண்டிகள் வந்தபோது பக்கத்து நீர்க்குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை. தரைத்தள அரங்கில் இருந்த குளிரூட்டியில் தீ தொடங்கியதாகப் பின்னர் விசாரணை சொன்னது. யாரும் சாகவில்லை; பார்வையாளர்கள் போய் கதவு மூடிய பிறகு பிடித்த தீ. இதையே மேற்கோள் காட்டிய காப்பாட்சியர் ஒருவர் "பார்த்தீர்களா, பொருள்தான் போகிறது, ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை" என்றார். மாலை ஏழு மணிக்குப் பதில் பகல் பதினொரு மணி என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

வெளிச்சம் பற்றி. துணி, நீர்வண்ண ஓவியம், சுவடி போன்றவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் ஒளி படக் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பரவலான வழக்கம். அலுவலக மேசைக்குப் பரிந்துரைக்கப்படுவது 500. வெயிலிலிருந்து வருகிறவரின் கண் அந்த மங்கலுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும்; முழுமையாகப் பழக இன்னும் நேரம் ஆகும். துணிக்கூடத்தின் வாசலில், சரியாக அந்தச் சில நிமிடங்களுக்குள், கருங்கல்லில் இரண்டு படிகள். தரையும் கருமை, படியும் கருமை, விளிம்பும் கருமை. பார்வையாளர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பிற்பகல் அங்கே நின்றேன். பணியாளர்கள் தடுமாறவில்லை, அவர்களுக்குக் கால் கணக்குத் தெரியும். கையில் பெட்டியோடு பின்னோக்கி இறங்கும்போது மட்டும் அந்தக் கணக்கு தவறும். இதற்குப் பொருளைப் பகைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. படி விளிம்பில் வெளிர்நிறப் பட்டை, முழங்காலுக்குக் கீழே தரையை மட்டும் பார்க்கும் சிறு விளக்கு, கூடத்துக்கு முன்னால் படிப்படியாக மங்கும் ஒரு நடை. இவற்றால் துணிமேல் விழும் ஒளி ஒரு லக்ஸ்கூட அதிகரிக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்பதற்குச் சுவையானவை. நஞ்சு, கதிர்வீச்சு, தீ. நண்பர்களிடம் சொன்னால் வாய் பிளப்பார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது இவை எதுவும் அல்ல, நின்றுகொண்டே இருப்பது. காட்சிக்கூடப் பணியாளர்கள் காலையிலிருந்து மாலைவரை கல்தரையில் நிற்கிறார்கள். நடந்தால்கூடக் கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்பதில் அதுவும் இல்லை. இடுப்புவலி, கால்வீக்கம், நரம்புச் சுருட்டல் என்று வரிசையாக வரும். நாணயக்கூடத்தில் இருந்த அக்கா ஒருவர், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு காலை மாற்றி மறுகாலில் சாய்ந்து நிற்பார். அவருடைய செருப்பின் இடப்பக்கக் குதிகால் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. "நாற்காலி கேட்டிருக்கிறீர்களா அக்கா?" என்றேன். "உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம்" என்றார், எந்த உணர்ச்சியும் இல்லாமல். அந்தக் கூடத்தில் நாணயங்களுக்குக் கீழே வெல்வெட் விரித்திருந்தார்கள்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

சாய்ந்து அமரும் உயரமான முக்காலி இருக்கிறது. பாதி நின்றதுபோலவும் பாதி உட்கார்ந்ததுபோலவும் இருக்கலாம், பார்வை மட்டம் குறையாது. கூடம் விட்டுக் கூடம் சுழற்சி முறையில் மாற்றலாம். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு போடலாம். மூன்றும் சேர்ந்தாலும் ஒரே ஒரு புதிய காட்சிப்பெட்டிக்கு ஆகும் செலவு ஆகாது.

விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மெலிந்த நோட்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு வரிகள், அவையும் மருத்துவமனைவரை போனவை. ஏணியிலிருந்து வழுக்கியது, டிராலி காலில் ஏறியது, கண்ணாடி கிழித்தது என்று சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்ட எந்தக் கதையும் அதில் இல்லை. அதே அலமாரியின் மேல்தட்டில் பொருள்களின் நிலை அறிக்கைகள் கோப்பு கோப்பாக இருந்தன. ஒரு மண்பானையை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு மாற்றினால், மாற்றும் முன் ஓர் அறிக்கை, மாற்றிய பின் ஓர் அறிக்கை. நான்கு பக்கமும் புகைப்படம். விளிம்பில் 2 மில்லிமீட்டர் சில்லு பெயர்ந்திருந்தால் அது பழையதா புதியதா, யார் கையில் இருக்கும்போது நேர்ந்தது, அடுத்த முறை எப்படித் தூக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறது. அதிலும் யார் மேலும் குற்றம் சுமத்தாத நடை. பொருளுக்கு என்ன ஆனது என்பது மட்டுமே.

பாதுகாப்புப் பாடத்தில் 'மயிரிழையில் தப்பியவை' என்று, விபத்தாகாமல் போன சம்பவங்களை எழுதச் சொல்லித் தலையால் தண்ணீர் குடிப்பார்கள். எந்தத் தொழிலாளியும் எழுத மாட்டார், எழுதினால் தன் தலையில் விடியும் என்று பயம். இங்கேயோ அந்தப் பழக்கம் ஏற்கெனவே தழைத்திருக்கிறது. சில்லு பெயர்ந்ததை மறைப்பதுதான் அவமானம், எழுதுவது அல்ல. இப்படியொரு பண்பாட்டை உருவாக்கத் தொழிற்சாலைகள் வருடக்கணக்கில் சுவரொட்டி ஒட்டுகின்றன. ஆகவே புதிய படிவம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. பொருள் நிலை அறிக்கையின் கடைசியில் ஒரு பகுதி சேர்க்கச் சொன்னேன்: இந்த வேலையின்போது கையாண்டவருக்கு என்ன ஆனது? முதுகு பிடித்ததா, விரல் நசுங்கியதா, இடறியதா, அல்லது ஒன்றுமில்லையா? பானைக்கு எழுதுகிற அதே பேனாவால், அதே நேரத்தில், அதே நடையில்.

அறிக்கையைச் சமர்ப்பித்தபோது எல்லாம் ஏற்கப்படவில்லை. நீர்த்தெளிப்பான் விவகாரம் வல்லுநர் குழுவுக்குப் போனது; நல்லடக்கம் ஆகிவிட்டதா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை. ஸ்பிரிட் கிடங்கின் மின்விசைப்பலகையை வெளியே மாற்ற ஒப்புக்கொண்டார்கள். விலங்கியல் கூடத்து இழுப்பறையிலிருந்து பருத்திக் கையுறைகளை மூத்த வல்லுநர் தாமே எடுத்துவிட்டு நைட்ரைல் வைத்தார். துடைப்பத்துக்கும் தடை போட்டு, நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் கேட்டு எழுதினார். படி விளிம்புக்கு உடனே பட்டை வந்தது. முக்காலி விஷயத்தில் "பார்வையாளர்கள் என்ன நினைப்பார்கள்" என்று நெடுநேரம் பேசினார்கள். பார்வையாளர்கள் நாணயத்தைப் பார்க்க வருகிறார்கள், அக்காவின் காலைப் பார்க்க அல்ல என்று அலுவலர் சொன்ன பிறகு சில கூடங்களில் மட்டும் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நாணயக்கூடம் அதில் உண்டு. எனக்கு அது போதும்.

நிலை அறிக்கையில் புதிய பகுதி சேர்ந்ததும் வரிகள் வரத் தொடங்கின. விரல் நசுங்கல், தோள்பட்டைப் பிடிப்பு, பெட்டி நழுவிக் காலருகே விழுந்தது. மெலிந்த நோட்டில் பல வருடமாக இல்லாத அளவுக்கு ஒரே மாதத்தில். நிர்வாகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: "பயிற்சி மாணவி வந்த பிறகு விபத்துகள் அதிகரித்துள்ளதாகத் தெரிகிறது. விளக்கம் தேவை." அலுவலர் விழுந்து விழுந்து சிரித்தார். விளக்கம் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார். முன்பும் இவை நடந்துகொண்டுதான் இருந்தன, இப்போது எழுதப்படுகின்றன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, மரியாதைக்கு "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடித்திருந்தேன். கையெழுத்துப் போடும் முன் அவர் அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்பச் சொன்னார்.